கடைசி வரிசையில் யார்?

திருவெறும்பூரில் ஒரு வீடு. வீட்டில் ஏழு பேர். பெரியவர் 'பெல்' தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி. எண்பது வயதைத் தாண்டிய தாயார். மகன், மருமகள். பேரனுக்குப் பன்னிரண்டு வயது. பேத்திக்கு நாலு வயது.

ஓய்வுப் பணம் கைக்கு வந்திருக்கிறது. "எல்லோரும் ஒன்றாகப் போய்வர ஒரு பெரிய வண்டி வாங்கிவிட வேண்டியதுதான்" என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. மூன்று வரிசை இருக்கை. உயரமான உடம்பு. பெரிய சக்கரம். எதிரே வருகிறவன் ஒதுங்கிப் போக வேண்டும். அதற்குப் பெயர் எஸ்.யு.வி.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. கைலாசபுரத்திலும் காட்டூரிலும் துவாக்குடியிலும் இப்படிப்பட்ட வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. தகப்பனும் மகனும் ஷோரூமுக்குப் போகிறார்கள். மகன் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்க்கிறான். தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து பெரிய திரையைத் தடவிப் பார்க்கிறார். கூரையில் கண்ணாடி திறக்கிறதா என்று ஒரு கேள்வி. மைலேஜ் எவ்வளவு என்று ஒரு கேள்வி. கடைசி வரிசையை ஒருவர் எட்டிப் பார்க்கிறார். "இடம் தாராளமாக இருக்கிறது" என்கிறார். எட்டிப் பார்த்தவர் அதில் உட்கார்ந்தாரா? இல்லை!

முன்பணம் கொடுத்தாகிவிட்டது. வண்டி வருகிறது. எலுமிச்சம்பழம் நசுங்குகிறது. குலதெய்வம் கோவிலுக்கு முதல் பயணம். மகன் ஓட்டுகிறான். பெரியவர் அவன் பக்கத்தில். நடு வரிசையில் அப்பாயி, பெரியம்மாள், மடியில் பேத்தி. பிறகு?

"நான் பின்னாலே உட்காந்துக்கிறேன், மாமா."

இதைச் சொல்கிறவள் மருமகள். அவளை யாரும் பின்னால் போகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டில் யாருடைய குரல் கடைசியோ, வண்டியிலும் அவருக்குத்தான் கடைசி வரிசை. பன்னிரண்டு வயதுப் பையனும் அவளோடு பின்னால் ஏறிக்கொள்கிறான்.

பணம் கொடுத்து வண்டியைப் பொறுக்கி எடுத்தவர்கள் இருவரும் முன்னால் இருக்கிறார்கள். வண்டியின் மிக மோசமான இருக்கையில் உட்காரப் போகிறவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய வண்டி வாங்கும் விஷயத்தில் நம் குடும்பங்கள் செய்கிற பெரிய தவறு இதுதான்.

அம்பாசடர் காலம்

ஒரே வண்டியில் ஊரையே ஏற்றிக்கொண்டு போகும் ஆசை புதிதல்ல. 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை உற்பத்தியான அம்பாசடர் காரில் எத்தனை பேர் போனார்கள் என்று கணக்கு வைத்தவர் யாரும் இல்லை. பழைய அம்பாசடரில் முன்னால் ஒரே நீண்ட சீட்டு. கியர் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும். ஆகவே முன்னால் மூன்று பேர், பின்னால் நாலு பேர், மடியில் இரண்டு மூன்று குழந்தைகள். கல்யாண வீட்டுக்கு இப்படித்தான் போனார்கள்.

பிறகு 1994-ல் டாட்டா சுமோ வந்தது. டாட்டா தொழிற்சாலையை வளர்த்த சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலிருந்து எடுத்த பெயர் அது. ஜப்பானிய மல்யுத்தத்தின் பெயர் என்று நினைத்தவர்கள்தாம் அதிகம்! சுமோவின் பின்புறத்தில் எதிரெதிராக இரண்டு பெஞ்சு போட்ட ரகம் உண்டு. அதில் பக்கவாட்டாக உட்கார்ந்து போன பிள்ளைகள் இன்று நாற்பது வயதுக்காரர்கள். வண்டி பிரேக் போட்டால் ஒருவர் மேல் ஒருவர் சரிந்ததை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். 2000-ல் குவாலிஸ் வந்தது. 2005-ல் அதன் இடத்துக்கு இன்னோவா வந்தது. 2002-ல் ஸ்கார்ப்பியோ. மூன்று வரிசை வண்டி என்றால் வாடகை வண்டி என்ற நிலைமை போய், அது வீட்டு வண்டியானது இந்தக் காலத்தில்தான்.

அமெரிக்காவில் இதற்குப் பெரிய வரலாறு உண்டு. செவர்லே கம்பெனி 1935-லேயே சபர்பன் என்ற மூன்று வரிசை வண்டியை லாரிச் சட்டத்தின் மேல் கட்டியது. எட்டுப் பேர் உட்காரலாம். கதவு என்னவோ இரண்டுதான். கடைசி வரிசைக்காரர் பாடு அன்றைக்கே அப்படித்தான்! அந்தப் பெயரில் வண்டி இன்றும் வருகிறது. இப்போது நீளம் 5.7 மீட்டருக்கு மேல். அதாவது கிட்டத்தட்ட 19 அடி. அந்த ஊரில் 'முழு அளவு' என்றால் அதுதான். அங்கே சாலை அதற்குத் தகுந்தபடி அகலம். நிறுத்துமிடமும் அப்படியே.

நம் ஊரில் 'முழு அளவு' என்று பெயர் வாங்கும் வண்டிகள் 4.7 மீட்டர் சுமார். ஒரு மீட்டர் குறைவு. அந்த ஒரு மீட்டரை எங்கே வெட்டினார்கள்? முன் சீட்டில் வெட்டவில்லை. எஞ்சினில் வெட்டவில்லை. எல்லாம் கடைசி வரிசையிலும் அதற்குப் பின்னால் சாமான் வைக்கும் இடத்திலும்தான்.

முழங்கால் முகவாய்க்கு

கடைசி வரிசை ஏன் சிரமமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்கார்ப்பியோ-என், ஃபார்ச்சூனர், இன்னோவா கிறிஸ்டா போன்றவை லாரியைப் போல் ஓர் இரும்புச் சட்டத்தின் மேல் உடம்பைத் தூக்கி வைத்துக் கட்டியவை. கரடுமுரடான பாதைக்கு இது தாங்கும். ஆனால் சட்டத்தின் உயரம் அளவுக்குத் தளமும் உயர்ந்துவிடுகிறது. தளம் உயர்ந்து, கூரை அப்படியே இருந்தால் என்ன ஆகும்? சீட்டைத் தாழ்த்த வேண்டும். சீட்டும் தளமும் நெருங்கிவிடும். உட்காருகிறவருடைய முழங்கால் மேலே எழும்பும். தொடைக்குத் தாங்கல் கிடையாது. உடம்பின் பாரம் முழுவதும் இடுப்பிலும் முதுகுத்தண்டின் அடியிலும் இறங்கும். தஞ்சாவூர் போவதற்குள் கால் மரத்துவிடும். சென்னை வரை 330 கிலோ மீட்டர் என்றால் கேட்கவே வேண்டாம்.

2021-ல் வந்த புது சஃபாரி, அதே ஆண்டு வந்த எக்ஸ்.யு.வி.700, 2022-ல் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸ் ஆகியவை வேறு ரகம். சட்டமும் உடம்பும் ஒன்றாகவே வார்த்தவை. ஏறுவது சற்று எளிது. ஆட்டம் குறைவு. ஆனால் இவற்றிலும் கடைசி வரிசை எல்லாம் ஒரே மாதிரி அல்ல. ஹைகிராஸில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,850 மில்லி மீட்டர். எக்ஸ்.யு.வி.700-ல் 2,750. இந்த 100 மில்லி மீட்டர், அதாவது நாலு அங்குலம், விளம்பரத்தில் பெரிதாகத் தெரியாது. கடைசி வரிசையில் உட்கார்ந்த பெரிய ஆளின் முழங்காலுக்குத் தெரியும்.

எஸ்.யு.வி. என்றால் வீரம், இன்னோவா என்றால் டாக்சி என்று இளவட்டங்கள் நினைக்கிறார்கள். ஏழு பேரும் முழுசாகப் போய் முழுசாக இறங்க வேண்டும் என்றால், அந்த 'டாக்சி' தான் கெட்டிக்காரத்தனம். டாக்சிக்காரர்கள் முட்டாள்கள் அல்ல. பின்னால் உட்கார்ந்த சவாரி திட்டினால் மறுநாள் பிழைப்பு போய்விடும் என்று தெரிந்தவர்கள்.

இன்னொன்று, வெயில். சித்திரையில் திருச்சி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கடைசி வரிசைக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி, பின்னாலும் கண்ணாடி. அங்கே குளிர்காற்று வருவதற்குத் துவாரம் மட்டும் இருந்தால் போதாது. காற்றைத் தள்ள அங்கே தனி விசிறியும், கூட்டிக் குறைக்கத் தனிக் குமிழும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் இருக்கிறவர் "குளிர்கிறது, ஏ.சி.யைக் குறை" என்பார். பின்னால் பையன் வியர்த்து வாந்தி எடுப்பான்.

நட்சத்திரம் யாருக்கு?

"இந்த வண்டிக்கு ஐந்து நட்சத்திரம்!" என்று சொல்லி விற்கிறார்கள். நல்லதுதான். நட்சத்திரத்தைக் கேட்டு வாங்குகிற வழக்கம் நம் நாட்டில் வந்ததே பெரிய முன்னேற்றம். 2023 அக்டோபர் 1 முதல் 'பாரத் என்கேப்' என்ற நம் நாட்டுச் சோதனையே நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் முதல் முடிவுகளில் ஒன்றாக 2023 டிசம்பரில் டாட்டா சஃபாரி பெரியவர்கள் பாதுகாப்பிலும் குழந்தைகள் பாதுகாப்பிலும் ஐந்து ஐந்து நட்சத்திரம் வாங்கியது.

அந்த நட்சத்திரம் எப்படிக் கிடைக்கிறது? வண்டியை மணிக்கு 64 கிலோ மீட்டர் வேகத்தில் ஒரு தடுப்பில் ஒருபக்கமாக மோதவிடுகிறார்கள். முன் சீட்டில் பெரியவர் அளவில் இரண்டு பொம்மைகள். பின் சீட்டில், குழந்தை இருக்கையில், ஒன்றரை வயதுக் குழந்தை அளவிலும் மூன்று வயதுக் குழந்தை அளவிலும் இரண்டு பொம்மைகள். பக்கவாட்டு மோதலும் உண்டு. மூன்றாவது வரிசையில்? பொம்மை கிடையாது! ஐந்து நட்சத்திரம் என்பது முன்னால் இருக்கிற பெரியவர் இருவருக்கும், நடு வரிசைக் குழந்தைகளுக்கும் கிடைத்த மதிப்பெண். மருமகளுக்கும் பேரனுக்கும் கிடைத்த மதிப்பெண் அல்ல.

பெரியவர் நட்சத்திரமும் குழந்தை நட்சத்திரமும் ஒன்றல்ல என்பதையும் அநேகர் கவனிப்பதில்லை. 2022 டிசம்பரில் வெளியான 'குளோபல் என்கேப்' சோதனையில் ஸ்கார்ப்பியோ-என் பெரியவர்களுக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியது. குழந்தைகளுக்கு மூன்று. விற்கிறவர் சொல்வது முதல் எண்ணை. பேத்தி இருக்கிற வீட்டில் இரண்டாவது எண்ணைக் கேட்க வேண்டும்.

முன்பக்கம் மோதினால் கடைசி வரிசை தூரத்தில் இருக்கிறது என்று சமாதானம் சொல்லலாம். பின்பக்கம் மோதினால்? கடைசி வரிசையின் தலைக்கும் பின் கதவுக்கும் நடுவே பல வண்டிகளில் ஒரு சாண் இடம்தான் இருக்கிறது. திருச்சி - தஞ்சாவூர் நெடுஞ்சாலை திருவெறும்பூர் நடுவே போகிறது. லாரியும் பஸ்ஸும் டிரெய்லரும் ஓடும் சாலை. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சர்வீஸ் ரோடு வேண்டும் என்று மக்கள் எத்தனையோ வருஷமாகக் கேட்கிறார்கள். உள்ளூர் வண்டியும் வெளியூர் லாரியும் ஒரே பாதையில் நெருக்குகின்றன. சிக்னலில் வண்டி நின்றதும் பின்னால் லாரியின் மூக்கு வந்து நிற்பதைக் கண்ணாடியில் பார்க்காதவர் இந்தப் பக்கத்தில் இருக்க முடியாது. அந்த மூக்குக்கு மிக அருகில் இருப்பது யார்? கடைசி வரிசைக்காரர்!

ஆகவே கடைசி வரிசையில் தலையைத் தாங்கும் தாங்கி சரியான உயரத்துக்கு வருகிறதா? பக்கவாட்டில் விரியும் ஏர்பேக் மூன்றாம் வரிசை வரை நீளுகிறதா? தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் சீட் பெல்ட் ஏழு பேருக்கும் இருக்கிறதா, அல்லது நடுவில் உட்காருகிறவருக்கு இடுப்புப் பட்டை மட்டும்தானா? இந்த மூன்று கேள்விக்கும் விற்பனையாளர் வாயால் பதில் சொன்னால் போதாது. கையால் தொட்டுக் காட்ட வேண்டும்.

பெல்ட் இருந்து என்ன, போட வேண்டுமே! பின்னால் உட்காருகிறவரும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம். போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றாலும் அதே அபராதம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது இது வந்தது. ஆனால் நம் வீடுகளில் பின் சீட்டு பெல்ட்டை உறைக்கு அடியில் புதைத்துவிடுகிறோம். 2022 செப்டம்பர் 4-ந் தேதி மராட்டிய மாநிலம் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். விலை உயர்ந்த வெளிநாட்டுக் கார். முன் சீட்டில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின் சீட்டில் இருந்த இருவரும் இறந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போடவில்லை என்று போலீசார் கூறினார்கள்.

பேத்தியை மடியில் வைத்துக்கொள்வது பாசம். ஆனால் வண்டி சடாரென்று நிற்கும்போது எந்தப் பாட்டியின் கையாலும் நாலு வயதுக் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. குழந்தை இருக்கையை மாட்டும் கொக்கி பெரும்பாலான வண்டிகளில் நடு வரிசையில்தான் இருக்கிறது. ஆகவே நடு வரிசையில் ஒரு ஜன்னலோரம் குழந்தைக்குப் போய்விட்டது என்று முதலிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். மறு ஜன்னலோரம் அப்பாயிக்கு. சாலையோரமாக இறங்க இடப்பக்கம் அவருக்கு ஏற்றது. பெல்ட் போட்டால் நடுவில் ஒரே ஓர் ஆள். கணக்குப் போட்டுப் பார்த்தால், கடைசி வரிசைக்கு இரண்டு பேர் போய்த்தான் ஆக வேண்டும் என்பது தெரியும். இந்த இரண்டு பேர் நிரந்தரமாக ஒரே இரண்டு பேராக இருக்க வேண்டியது இல்லை. போகும்போது மருமகள், வரும்போது மகன் என்று மாறிக்கொண்டால் குடி முழுகிவிடாது!

கேட்டின் அகலம்

டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போக வேண்டும். இதைச் செய்யாமல் வண்டி வாங்கிவிட்டு, பிறகு கேட்டை இடித்துக் கட்டியவர்கள் உண்டு.

ஸ்கார்ப்பியோ-என் வண்டியின் அகலம் 1,917 மில்லி மீட்டர். இதில் பக்கக் கண்ணாடி சேரவில்லை. ஏழடி கேட் என்றால் 2,134 மில்லி மீட்டர். கண்ணாடியை மடக்கிக்கொண்டு நுழைந்தால் ஒரு பக்கத்துக்கு நாலு அங்குலம் சொச்சம் மிச்சம். சஃபாரியும் ஏறக்குறைய அதே அகலம். ஃபார்ச்சூனர் 1,855. மாருதி எர்ட்டிகா 1,735. அதில் ஒரு பக்கத்துக்கு எட்டு அங்குலம் கிடைக்கும். தினம் இருமுறை நுழைந்து வருகிறவருக்கு இந்த நாலு அங்குல வித்தியாசம் பெயிண்ட் செலவு.

நுழைந்தால் மட்டும் போதுமா? உள்ளே கதவைத் திறந்து இறங்க வேண்டும். பின் கதவை மேலே தூக்க வேண்டும். நீளம் பதினைந்தரை அடி. போர்ட்டிகோ பதினாலு அடி என்றால் மூக்கோ வாலோ மழையில் நனையும். 1960-களில் தொழிற்சாலை வந்தபோது சைக்கிளையும் ஸ்கூட்டரையும் மனத்தில் வைத்துக் கட்டிய வீடுகள் இந்தப் பகுதியில் ஏராளம். அவற்றின் கேட்டைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

தெருவும் அப்படித்தான். எறும்பீசர் கோவில் மலையடி வரை வண்டி போகும். மலைமேல் படி ஏறித்தான் போக வேண்டும். தேவர்கள் எறும்பாக உருமாறி வந்து வணங்கிய இடம் என்று தலபுராணம் சொல்கிறது. ஊருக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். எறும்புகளுக்கு ஒரே வரிசை. யாருக்கும் முன் சீட்டுச் சண்டை இல்லை! ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி சமயத்தில் எந்தப் பெரிய வண்டியும் தூரத்திலேயே நின்றுவிட வேண்டியதுதான். மலைக்கோட்டைப் பக்கம் தெப்பக்குளம் வீதியில் தீபாவளிக்கு முன் வண்டியை நுழைத்தவர் இரண்டாம் தடவை நுழைக்க மாட்டார். குடும்பத்தோடு போகிற இடங்களில் பாதி, பெரிய வண்டிக்கு இடமே இல்லாத இடங்கள்.

எத்தனை நாள்?

இனி பணத்துக்கு வரலாம்.

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியது. பெரிய எஸ்.யு.வி.க்கு முன்பு வரியும் மேல்வரியுமாக 50 சதவீதம் இருந்தது, 40 ஆனது. நாலு மீட்டருக்கு உட்பட்ட, சிறிய எஞ்சின் கார்களுக்கு 18 சதவீதம்தான். இந்தச் சலுகைக்குள் அடங்கும் மூன்று வரிசை வண்டி அபூர்வம். சென்னைக்கு அருகே ஒரகடத்தில் தயாராகும் ரெனோ டிரைபர் அப்படி ஒன்று. நாலு மீட்டருக்கு ஒரு விரற்கடை குறைவு. அதன் கடைசி வரிசைச் சீட்டுகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டே போகலாம்.

ஜி.எஸ்.டி. போக, தமிழ்நாட்டு அரசின் ஆயுட்கால வரி இருக்கிறது. 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி, 5 லட்சம் வரையுள்ள காருக்கு 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, அதற்கு மேல் 20 லட்சம் வரை 18, 20 லட்சத்துக்கு மேல் போனால் 20 சதவீதம். 22 லட்ச ரூபாய் வண்டிக்கு இந்த வரி மட்டும் 4 லட்சத்து 40 ஆயிரம். 12 லட்ச ரூபாய் வண்டிக்கு 2 லட்சத்து 16 ஆயிரம். இரண்டு வண்டிக்கும் நடுவே விலையும் இந்த வரியுமாக 12 லட்சத்து 24 ஆயிரம் ரூபாய் வித்தியாசம். இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ் வித்தியாசம் தனி.

இந்தப் பன்னிரண்டு லட்சம் எதற்கு? ஏழு பேரும் சேர்ந்து போகிற நாட்களுக்கு! அப்படிப்பட்ட நாள் வருஷத்தில் எத்தனை? காலண்டரை எடுத்துப் போன வருஷத்தை எண்ணிப் பார்க்கலாம். பொங்கலுக்கு ஒன்று. குலதெய்வத்துக்கு ஒன்று. நெருங்கிய கல்யாணம் மூன்று நாலு. வேளாங்கண்ணியோ ராமேஸ்வரமோ ஒன்று. பத்து நாள் என்றே இருக்கட்டும். பெரிய வாடகை வண்டிக்கு டீசல், டிரைவர் பேட்டா, சுங்கம் எல்லாம் சேர்த்து நாளுக்கு 7,000 ரூபாய் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 70,000. பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம் பதினேழு வருஷத்துக்கு வரும். சொந்தக் காரின் பதிவே பதினைந்து வருஷத்துக்குத்தான். பிறகு புதுப்பிக்க வேண்டும். பேரன் அதற்குள் வேலைக்குப் போய்விடுவான்.

மீதி 355 நாள் அந்தப் பெரிய வண்டி என்ன செய்யும்? பெரியவர் மார்க்கெட்டுக்கு இரண்டு கிலோ மீட்டர் எடுத்துப் போவார். தஞ்சாவூருக்குப் போக வேண்டுமானால் ஊரிலேயே ரயில் நிற்கிறது, பஸ் ஓடுகிறது. டீசல் வண்டிக்கு இதில் ஒரு சங்கடமும் உண்டு. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் - 6 விதி வந்தபின் டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. அதில் சேர்ந்த கரி எரிய வேண்டுமானால் வண்டி நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் சீராக ஓட வேண்டும். மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரியும். பிறகு மெக்கானிக் வீட்டு விளக்கு எரியும்!

கணக்கு எல்லா வீட்டுக்கும் இப்படியே வராது. மாதம் இரண்டு தடவை ஏழு பேரும் போகிற வீடு உண்டு. டயாலிசிஸுக்கோ கண் ஆஸ்பத்திரிக்கோ பெரியவர்களை அடிக்கடி அழைத்துப் போகிற வீடு உண்டு. நிலம் நீர் பார்க்கக் கிராமத்துக்கு வாரா வாரம் போகிற வீடு உண்டு. அவர்கள் வாங்கத்தான் வேண்டும். அவர்களைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிவிட்டார் என்பதற்காக ஓய்வுப் பணத்தில் பன்னிரண்டு லட்சத்தை வாசலில் நிறுத்தித் துணி போட்டு மூடுவது வேறு விஷயம். சின்ன வண்டியை வீட்டில் வைத்துக்கொண்டு, பத்து நாளைக்குப் பெரிய வண்டியை வாடகைக்கு எடுப்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

வாடகை வண்டி எடுக்கிறவர்கள் நம்பர் போர்டைப் பார்க்க வேண்டும். மஞ்சள் போர்டு என்றால் வாடகைக்குப் பதிவான வண்டி. வெள்ளைப் போர்டு வண்டி சொந்த உபயோகத்துக்கு. "நம்ம பையன்தான், குறைச்சலா வாங்கிக்குவான்" என்று வெள்ளைப் போர்டு வண்டியில் காசு கொடுத்துப் போகிறார்கள். ஏதாவது நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட வழி இருக்கிறது. அந்தச் சில நூறு ரூபாய் லாபம் அப்போது ஞாபகத்துக்கு வரும்.

சனிக்கிழமை மத்தியானம்

வாங்குவது என்றே முடிவானால், ஷோரூமுக்கு இருவர் போகக் கூடாது. ஏழு பேரும் போக வேண்டும். சாயங்காலக் குளிரில் அல்ல, மத்தியான வெயிலில். ஊருக்குப் போகிற பெட்டி மூன்றையும் கையோடு எடுத்துக்கொண்டு.

பெட்டி எதற்கு? மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது சாமானுக்கு என்ன இடம் என்று பார்க்கத்தான். இன்னோவாவில் சுமார் 300 லிட்டர் இடம் இருக்கும். ஓரளவு பெட்டி நிற்கும். ஸ்கார்ப்பியோ-என் வண்டியில் கடைசி சீட்டை நிமிர்த்தினால் பைகளைச் செருகத்தான் இடம். ஏழு பேர் வண்டி என்கிறார்கள். ஏழு பேரின் பெட்டி எங்கே போகும்? கூரைமேல்தான். கூரையில் பாரம் ஏறினால் வளைவில் வண்டி சாயும் குணம் கூடும். உயரமான வண்டிக்கு இது இன்னும் ஆகாது. ஏழு பேர், தலைக்கு 65 கிலோ என்றாலும், 455 கிலோ ஆகிறது. அதற்குமேல் அரிசி மூட்டை ஏற்றுவதற்கு முன் வண்டியின் தாங்கும் எடையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். டயருக்கு எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கிறது. பெரும்பாலும் ஆள் குறைவாக இருக்கும்போது ஓர் அளவு, வண்டி நிறைந்திருக்கும்போது ஓர் அளவு என்று அதில் போட்டிருக்கும். முழுக் குடும்பத்தோடு கிளம்பும் நாளில் இரண்டாவது அளவுக்குக் காற்றடிக்கிறவர்கள் சொற்பம்.

அப்பாயி யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்கட்டும். படி உயரம், பிடிக்கக் கைப்பிடி, இரண்டும் அப்போது தெரியும். பேத்தியின் இருக்கையை மாட்டிப் பார்க்கட்டும். அது மாட்டியிருக்கும்போது நடு சீட்டை மடக்கிப் பின்னால் போக வழி இருக்கிறதா? பல வண்டிகளில் இடப்பக்கச் சீட்டு மட்டுமே முழுதாகக் கவிழ்கிறது. அங்கே அப்பாயி உட்கார்ந்திருந்தால், ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்து இறங்கினால்தான் பின்னால் இருப்பவர் இறங்க முடியும். நடுவில் இரண்டு தனித்தனிச் சீட்டுள்ள ஆறு பேர் வண்டியில் நடுவே புகுந்து போகலாம். ஓர் ஆள் குறையும். எந்த வீட்டுக்கு எது சரி என்பது உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

பிறகு பெரியவரும் மகனும் கடைசி வரிசையில் ஏற வேண்டும். ஆம், அவர்கள்தான்! மருமகள் முன்னால் உட்காரட்டும். ஓட்டத் தெரிந்தவள் என்றால் அவளே ஓட்டட்டும். அரியமங்கலம் வரை போய்த் திரும்பி வரட்டும். வேகத்தடை ஒவ்வொன்றிலும் பெரியவரின் தலை கூரையைத் தொடுகிறதா, மகனின் முழங்கால் எங்கே இடிக்கிறது, குளிர்காற்று பின்னால் வருவதற்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பி வந்து மருமகளும் ஒருமுறை பின்னால் ஏறி, பெல்ட் போட்டு, கால் நீட்டிப் பார்க்கட்டும். அவள் இறங்கி வந்து என்ன சொல்கிறாள் என்று கேட்ட பிறகு விலையைப் பேச உட்காரலாம்.